நசுங்காத எலுமிச்சை

பழனியில், பூங்காவில் நின்ற பழைய நீராவி இன்ஜினை, அது செய்யப்பட்ட இங்கிலாந்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதினெட்டு வருஷமாக அதைத் துடைத்து எண்ணெய் போட்டவர் குமாரவேல். அனுப்பாதீர்கள் என்று அவர் கொடுத்த மனுவை ஒருத்தரும் சட்டை செய்யவில்லை.

"பொறந்த ஊருக்குத்தானே போகுது, விடுங்க" என்றாள் மனைவி விசாலாட்சி.

எந்த வண்டியானாலும் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். முன்சக்கரத்தடியில் குமாரவேல்தான் பழம் வைத்தார். ஆனால் கிரேன் இன்ஜினை அப்படியே மேலே தூக்கிவிட்டது. பழம் தண்டவாளத்தில் முழுசாகக் கிடந்தது.

"அது இன்னும் கெளம்பல. திரும்பி வந்துரும்" என்று அவர் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

எட்டு மாசமாகியும், பழனி வெயிலில் அந்தப் பழம் வாடவே இல்லை. தினமும் வெள்ளனே போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

ஐப்பசியில் ஒருநாள், இங்கிலாந்தில் அந்த இன்ஜின் முதல்முறையாகப் புகைவிட்டு ஓடுவதை விசாலாட்சி போனில் காட்டினாள். குமாரவேல் தூறலில் வெரசாகப் பூங்காவுக்கு நடந்தார்.

பழம் தகடாக நசுங்கியிருந்தது. சாறு இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

"போயிருச்சுங்க" என்றாள், பின்னாலேயே வந்த விசாலாட்சி.

அவர் தோள்துண்டால் சாற்றைத் துடைக்கக் குனிந்தார். அந்தத் தூறலிலும் தண்டவாளம் சுட்டது.