பால் காய்ச்சும் சட்டை

இந்த ஒரே வருஷத்தில் மூன்றாவது முறையாக, இஸ்திரி போட்ட நீலக் கட்டச் சட்டையோடு பவானி புது வாடகை வீட்டின் படித்திருப்பத்தில் காத்து நின்றாள். ஃபேமிலிக்கு மட்டும்தான் வீடு என்று ஹவுஸ் ஓனர் அம்மா கறாராகச் சொல்லியிருந்தார். அதற்காகவே அவள் வரச்சொல்லியிருந்த, பிரிந்துபோன கணவன் இளங்கோ மேலே வந்தான். கணக்கர் வேலை போய், ஷோரூம் வேலையும் போய், இப்போது சாப்பாடு டெலிவரி. சிவப்பு டீ-ஷர்ட்டின் மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டான். பட்டன் மாறியிருந்தது. சரிசெய்ய நீட்டிய கையைப் பவானி பாதியிலேயே இழுத்துக்கொண்டாள்.

"பட்டன் மாறிப் போட்டிருக்கீங்க."

உள்ளே பால் பொங்கி வழிந்தது. ஓனர் அம்மாவுக்குத் திருப்தி.

"வந்தவங்களுக்கு முதல்ல குடும்மா. வீட்டுக்காரங்க கடைசியா குடிக்கணும்."

பவானி முதல் டம்ளரை ஓனர் அம்மாவிடம் கொடுத்தாள். இரண்டாவதைத் தன்னையறியாமல் இளங்கோவிடம் நீட்டினாள். அவனும் வாசல் பக்கமாக ஒதுங்கி நின்று, விருந்தாளியைப் போலக் குடித்துவிட்டு, டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான்.

ஓனர் அம்மா அவனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அவருக்கு டூட்டிக்கு நேரமாச்சு. அதான்" என்றாள் பவானி.

மகள் கயல் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, அடுத்த வீட்டுல எப்பப்பா பால் காய்ச்சுவோம்?"

பவானி சட்டென்று திரும்பி, ஏற்கெனவே அணைத்திருந்த அடுப்பை மறுபடியும் அணைத்தாள்.