நசுங்காத எலுமிச்சம்பழம்

காருக்குக் கவர் உண்டு. ஸ்கூட்டருக்குக் கிடையாது. அதுதான் ஸ்கூட்டருக்கு ஆறாத வயிற்றெரிச்சல்.

"வெயில்லயும் மழையிலயும் நான் நாயா அலையறேன். நீ போர்த்திக்கிட்டுத் தூங்கு!" என்று தினமும் பொருமும்.

"உனக்கென்னப்பா, ஊர் சுத்தறே," என்று கவருக்குள்ளிருந்து கார் பெருமூச்சு விடும்.

ஆயுத பூஜை வந்தது. வீட்டுக்காரி பூங்கோதை கவரை எடுத்துவிட்டுக் காருக்குப் பெரிய மாலை போட்டாள். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாள். ஸ்கூட்டருக்கு ஒரு பொட்டுச் சந்தனம்தான்.

சாவியைத் திருகினாள். 'டிக்' என்றதோடு சரி, கார் நகரவில்லை. பழமும் நசுங்கவில்லை.

ஸ்கூட்டரில் போய் மெக்கானிக்கை அழைத்துவந்தாள். "ஓட்டாம நிறுத்தி வெச்சா பேட்டரி செத்துடும்க்கா," என்றபடி அவர் புது பேட்டரியை மாட்டினார். கார் உறுமியது. நாலு பழமும் நசுங்கின.

"இனிமே தினமும் இதுலதான் ஆபீஸ்," என்ற பூங்கோதை, கவரை இரண்டாக மடித்து ஸ்கூட்டர் மேல் போர்த்தினாள்.

"பார்த்தியா! எனக்கும் காலம் வந்துடுச்சு," என்று உள்ளேயிருந்து கொக்கரித்தது ஸ்கூட்டர்.

கார் ஏதோ சொல்ல வாயெடுத்தது. அதற்குள் பூங்கோதை கியரைப் போட, தெருவில் இறங்கியது.