மாப்பிள்ளைக்கு எந்தச் சேணம்?

"ரெண்டுல எது பாய் கீழ தள்ளாது?"

அமீருதீன் கேட்டதும் ஷவுகத் அலி பீடியை வாயிலேர்ந்து எடுத்தார்.

"தள்றது சேணம் இல்ல தம்பி. குதிரை."

பூந்தமல்லியில கல்யாணத்துக்கும் ஷூட்டிங்குக்கும் குதிரை வாடகைக்கு உடறவர் அவர். கொட்டாய்ல ரெண்டு சேணம் தொங்குச்சு. தட்டையா, வழவழன்னு இருந்தது இங்கிலீஷ் சேணம். ரேஸ் குதிரைக்காரங்க கிட்ட வாங்கினது. ஈஸி சேர் மாதிரி அகலமா, முன்னால ஒரு குமிழோட இருந்தது கவ்பாய் சேணம். சினிமாக்காரங்க உட்டுட்டுப் போனது.

அமீருதீன் அம்பத்தூர் எஸ்டேட்டுல லேத் ஓட்டறவன். வர்ற ஞாயித்துக்கிழமை நிக்காஹ். பொண்ணு ராபியா, பூந்தமல்லி ஜவுளிக்கடைக்காரர் மக. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை அனுப்பறது பொண்ணு ஊட்டு மொறை. ஷவுகத் அலி குதிரையைத்தான் பேசி வெச்சிருந்தாங்க.

சாதாரணமா குதிரையை ஒரு ஆளு புடிச்சுகினு நடப்பான். மாப்பிள்ளை மேல குந்திகினு வந்தா போதும். ஆனா கம்பெனியில பால்ராஜ் வாயைக் கிண்டிட்டான்.

"இன்னா மாமே, உன்ன மூட்டை மாதிரி மேல ஏத்தி இழுத்துகினு போவாங்களா?"

"எவனும் புடிக்க வேணாம். நானே ஓட்டிகினு வரேன். வந்து பாரு!"

மொத்த ஷிப்டும் கேட்டுச்சு. அதுவரைக்கும் அவன் ஓட்டினதுலயே பெருசு சைக்கிள்தான்.

அதான், மத்தியான ஷிப்டுக்கு முன்னாடி இங்க வந்து நிக்கறான்.

"சொல்லுங்க பாய், ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?"

"இங்கிலீஷ்ல ரெண்டு கையிலயும் கடிவாளம். குதிரை குதிச்சு ஓடறப்ப நீயும் கூடவே எழுந்து எழுந்து குந்தணும்."

"ஷெர்வானி போட்டுகினா?"

"கவ்பாய்ல ஒரு கைதான். இன்னொரு கை சும்மா கீது. சலாம் வெக்கலாம். மூஞ்சில தொங்கற பூவை வெலக்கிக்கலாம்."

"இந்தக் குமிழு எதுக்கு?"

"மாட்டுக்குக் கயிறு வீசிப் புடிச்சாங்கன்னா, மறுமுனைய இதுல சுத்திக்குவாங்க."

"நான் மாடு புடிக்கப் போறதில்லியே."

"நீ எதைப் புடிச்சுக்கப் போறேன்னு நானும் பாக்கத்தான போறேன்."

அமீருதீன் ரெண்டையும் தடவிப் பாத்தான். இங்கிலீஷ்ல குந்தினாத்தான் நவாபு மாதிரி கீதுன்னு அதுலயே ஏறினான். கொஞ்ச தூரம் ரெண்டு பேரும் போனாங்க. அப்புறம் குதிரை மட்டும் போச்சு.

மறுநாள் வியாழக்கிழமை கவ்பாய். பயத்துல குமிழை ரெண்டு கையாலயும் புடிச்சுகினான். கடிவாளம் அனாதையாப் போச்சு. குதிரை செம்பரம்பாக்கம் ஏரியப் பாக்கப் போற மாதிரி நேரா கெளம்புச்சு. வேலியாண்ட போயி அது திரும்புச்சு. மாப்பிள்ளை திரும்பல.

"ரெண்டுல எது தம்பி வசதி?"

"தரை," ன்னான் இடுப்பைப் புடிச்சுகினு.

"ஆளு கயிறு புடிக்கட்டுமே. அதுல இன்னா தப்பு?"

"பால்ராஜ் சிரிப்பான் பாய். ரிட்டேர் ஆவற வரைக்கும் சிரிப்பான்."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிச்சு ஊட்டுக்குள்ள நுழையறான், அவங்கம்மா அஷ்ரஃபுன்னிசா கத்திகினு இருந்தாங்க.

"கேட்டியாடா? குதிரை கெடையாதாம். செலவு சாஸ்தியாம். கார் அனுப்பறாராம் உம் மாமனாரு! ஜவுளிக்கடை வெச்சுகினு கஞ்சத்தனத்தப் பாரு!"

அமீருதீனுக்கு வயித்துல பால வாத்த மாதிரி இருந்துச்சு. ஆனா வாய் வேற சொல்லுச்சு.

"இன்னா மனுசன்மா அவரு? நான் இங்க உசிரக் குடுத்துப் பழகிகினு கீறேன், அவரு காசு பாக்கறாரா? எம் மானம் இன்னா ஆவறது?"

தெருவே கேக்கற மாதிரி கத்தினான். அன்னிக்கு ஷிப்டுல அதவிட சத்தமாக் கத்தினான். லேத் சத்தத்தையும் மீறி எல்லாருக்கும் கேட்டுச்சு.

பால்ராஜே பரிதாபப்பட்டுட்டான். "உடு மாமே. உனக்கு ஓட்டத் தெரிஞ்சும் ஓட்ட உடாம ஒரு கஞ்சன் வந்து மாமனாரா வாச்சுட்டாரு."

சனிக்கிழமை காலையில மூஞ்சியைத் தொங்கப் போட்டுகினு கொட்டாய்க்குப் போனான்.

"பாத்தீங்களா பாய்? இங்கிலீஷா கவ்பாயான்னு முடிவு பண்றதுக்குள்ள காலை வாரிட்டாரு. அப்பனே இவ்ளோ கஞ்சன்னா, பொண்ணு எப்படி இருக்குமோ!"

குதிரையைத் தேச்சுகினு இருந்த ஷவுகத் அலி கையை நிறுத்தினார்.

"உங்கிட்ட சொல்ல வேணாம்னுதான் உம் மாமனாரு கேட்டுகினாரு. ஆனா நீ அவங்கள ஏசறத இதுக்கு மேல என்னால கேக்க முடியாது. முந்தாநாள் அந்தப் பொண்ணு இங்க வந்துச்சு, அவங்க சின்னம்மாகூட. குதிரைக்குப் பூ ஜோடிக்க அளவு பாக்கறதுக்கு."

"முந்தாநாளா? நான் இங்கதான இருந்தேன்?"

"இருந்த. தரையில."

அமீருதீனுக்குக் காது சூடாச்சு.

"ஊட்டுக்குப் போயி அவங்க அத்தா கிட்ட, 'குதிரைய நிறுத்திடுங்க, செலவு சாஸ்தின்னு சொல்லிடுங்க'ன்னுச்சாம். அவரு, 'ஊரே என்னைக் கஞ்சன்னு பேசுமேம்மா'ன்னாராம். அதுக்கு அது இன்னா சொல்லிச்சு தெரியுமா?"

அமீருதீன் தொங்கற கவ்பாய் சேணத்தோட குமிழைப் புடிச்சுகினான்.

"'ஒரு நாள் பேசிட்டுப் போவட்டும் அத்தா. ஊர்வலத்துல நான் கூட இருக்க மாட்டேன் இல்ல? அவரு விழுந்தா யாரு தூக்கறது?'ன்னு கேட்டுச்சாம்."