இளநீருக்குச் சில்லறை

அந்த நாட்டில் கார்டு எங்கும் எடுபடாது. பொன்னுரங்கம் ரொக்கத்தைப் பிரித்துப் பிரித்து உடம்பில் எங்கெங்கோ ஒளித்துவைத்திருந்தார். இடத்தை மட்டும் மனைவியிடம் சொல்லவில்லை. "உங்கிட்ட சொன்னா ஊருக்கே சொல்லிருவ." காலையில் திலகவதி இளநீர் கேட்டபோதும், "காசு இல்ல, வாய மூடிட்டு வா" என்றார். மதியம் பஸ் நிலையத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர் எழவே இல்லை.

உடலை ஏற்ற வந்த வேன்காரன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டினான். திலகவதி அத்தனை பேர் முன்னாலும் கணவரின் ஷூவைக் கழற்றினாள். சாக்ஸை உரித்தாள், பெல்ட்டைப் பிரித்தாள், கடைசியில் ஜட்டியில் அவரே தைத்துவைத்திருந்த பைக்குள் கைவிட்டாள். எல்லா இடத்திலும் இருந்தது. வேன்காரனுக்குக் கொடுத்தும் கை நிறைய மிச்சம். சட்டைப்பையில் கிடைத்த ஒற்றை நாணயத்தை, ஊர் வழக்கப்படி அவர் நெற்றியில் வைத்தாள்.

வேன் கிளம்பும்போது இளநீர்க்காரன் கண்ணில் பட, வண்டியை நிறுத்தச் சொன்னாள். அவள் நீட்டிய பெரிய நோட்டுக்குச் சில்லறை இல்லையென்று அவன் கையை விரித்தான். அவள் வேனுக்குள் குனிந்து, நெற்றியிலிருந்த நாணயத்தை எடுத்துவந்து கொடுத்தாள்.

"நல்ல வழுக்கையாப் பாத்து வெட்டுப்பா" என்றாள், தமிழிலேயே.