ஆங்கிலத் தோட்டத்துப் பெட்டி

முதலில் காணாமல் போனது வெள்ளித் தேக்கரண்டி. அடுத்தது பீங்கான் நாய்க்குட்டி. முத்துப் பதித்த கொண்டை ஊசியும் இழுப்பறையை விட்டுப் போனபோது, வீட்டுக்கார மூதாட்டி சிஞ்ஞோரா அகாத்தாவின் மகள் லெத்தீசியா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மாவால் தனியாக நடக்க முடியாது. மிச்சம் நீயும் அந்த இந்தியனும்தான். இன்னொரு பொருள் போனால் நேரே குவெஸ்தூராதான். அம்மாவிடம் மூச்சுவிடாதே, பயந்துவிடுவாள்."

வேலைக்காரி இராசேஸ்வரி கழுவிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். குவெஸ்தூரா என்றால் போலீஸ். அவளுடைய வதிவிட அனுமதியைப் புதுப்பித்துக் கொடுப்பதும் அதே கட்டடத்தில்தான். யாழ்ப்பாணத்திலிருந்து பலெர்மோவுக்கு வந்த நாள் முதல் இந்த வீட்டில் வேலை செய்கிறாள். ஒரு சீனிக்கட்டியைக்கூடக் கேட்காமல் எடுத்ததில்லை.

அப்படியென்றால் அந்தப் பொடியன்தான்.

பின்னறையில் வாடகைக்கு இருந்த சபரிநாதன் மதுரைக்காரன். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. அதற்கு முன் பிரிட்டனில் படித்தவன். சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் புராணம்தான். யாரோ ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, இடக்குறிப்பை இணையத்தில் போடுவார்களாம். அதைக் கைக்கருவியில் ஏற்றிக்கொண்டு தேடிப் போக வேண்டுமாம். வேல்ஸ் கோட்டைகள், ஸ்கொட்லாந்து ஏரிகள், கடலோரத்து இடிந்த மடாலயம் எல்லாம் அவன் பார்த்தது அப்படித் தேடிப் போய்த்தானாம். சூப் ஆறிப்போவதையும் மறந்து கேட்டுக்கொண்டிருப்பாள் சிஞ்ஞோரா. இப்போது பலெர்மோவிலும், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலிருக்கும் ஆங்கிலத் தோட்டம் என்ற பூங்காவில், அவனே ஒரு பெட்டி வைத்திருக்கிறானாம்.

ஒரு மாலை வேலை முடிந்து போகும் வழியில் இராசேஸ்வரி அவனைக் கண்டாள். பூங்காவின் பெரிய மரத்து வேர்களுக்கிடையே குனிந்து எதையோ செருகிக்கொண்டிருந்தான். அவன் போனதும் இவள் கையை விட்டுப் பார்த்தாள். பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ஒரு ரப்பர் தவளை, லண்டன் பஸ் தொங்கும் சாவி வளையம். இரண்டுக்கும் நடுவில், சிஞ்ஞோராவின் பீங்கான் நாய்க்குட்டி!

'இவன் வைப்பானாம். கூட்டாளி வந்து எடுப்பானாம். விளையாட்டென்று நாங்கள் நம்ப வேண்டுமாம்!'

நாய்க்குட்டியை எடுக்கவும் பயமாக இருந்தது. தன் கையில் அகப்பட்டால் கதை முடிந்தது. மூடி வைத்துவிட்டு வந்தாள். ஆனாலும் தமிழ்ப் பிள்ளை. மறுநாள் தேநீர் கொடுக்கும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

"தம்பி, எடுத்ததைப் பேசாமல் திருப்பி வைச்சிடுங்கோ. நான் ஒருத்தரிட்டையும் கதைக்கமாட்டன்."

சபரிநாதன் சிரித்தான். "ஓ, நீங்களும் பெட்டியைப் பாத்தாச்சா? திருப்பியெல்லாம் வைக்க வேண்டாம்க்கா. எடுத்தா எடுத்ததுதான். பதிலுக்கு வேற ஒண்ணு வைக்கணும், அவ்வளவுதான் ரூல்."

"கொம்மா அறிஞ்சால் என்ன நினைப்பா?"

"அம்மாவா? ஊருக்கு வந்து அங்கயும் நாலு இடத்துல வைடான்னு சொல்றாங்க."

குடும்பமே இப்படியா! இராசேஸ்வரி தேநீர்க் கோப்பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை சிஞ்ஞோராவின் தந்தக் கைவிசிறியைக் காணவில்லை. லெத்தீசியா தொலைபேசியை எடுத்தாள்.

"கொஞ்சம் பொறுங்கள். நாளைக்கு நானே திருடனைக் காட்டுகிறேன்," என்றாள் இராசேஸ்வரி.

சனிக்கிழமை காலை அவள் வழக்கமாகச் சந்தைக்குப் போகும் நேரம். கூடையோடு படியிறங்கியவள் நேரே பூங்காவுக்குப் போனாள். பனைமரங்களின் மறைவில் லெத்தீசியா ஏற்கெனவே நின்றிருந்தாள், போலீஸ் எண்ணைத் தட்டிய கைத்தொலைபேசியோடு.

சற்றைக்கெல்லாம் சபரிநாதன் வந்தான். பெட்டியைத் தொடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூட்டாளிக்குக் காத்திருக்கிறான்," என்று கிசுகிசுத்தாள் லெத்தீசியா.

இராசேஸ்வரி கூடையைக் கீழே இறக்கி வைத்தாள். பாவம், படித்த பிள்ளை. ஓடிப்போய் எச்சரித்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது.

இறங்கியவள் ஒரு பெண். கழுத்துவரை கட்டிய தலைத்துணி, பாதி முகத்தை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி, கையில் தடி. சபரிநாதன் ஓடிப்போய்க் கையை நீட்டினான். அவள் அதைத் தட்டிவிட்டாள். மரத்தைச் சுற்றி வந்து, தடியை வேருக்குள் விட்டு, பெட்டியை லாவகமாக வெளியே இழுத்தாள். லண்டன் பஸ்ஸை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கைப்பைக்குள் போட்டாள். பிறகு கைப்பையிலிருந்து தந்த விசிறியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"அடி திருடி!" லெத்தீசியா பாய்ந்தாள். "அசையாதே! போலீஸைக் கூப்பிடுகிறேன்!"

இராசேஸ்வரி கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

அந்தப் பெண் அசையவில்லை. கறுப்புக் கண்ணாடியை மட்டும் நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "மெல்லப் பேசு மகளே, நான் கட்டிலை விட்டு இறங்கியது சந்தைக்குப் போயிருக்கும் இராசேஸ்வரிக்குத் தெரிந்தால் என்னைத் தொலைத்துவிடுவாள்," என்றாள் சிஞ்ஞோரா அகாத்தா.