தண்டை சொன்ன நடை

அன்று கூடத்தில் இருந்தவர்கள் சோலையப்பர், மருமகள் உமையாள், கைக்குழந்தையான பேரன் வயிரவன், குழந்தை நலத்துறைப் பெண் ஆகிய நால்வர்தான்.

"நடையை அளக்க நாங்க குழந்தை கால்ல கட்டின தண்டையில நடை பதிவாயிருக்கு. இடது கால் இழுக்குது. இன்னைக்கே ஆபரேஷன் பண்ணி காலுக்குள்ள கம்பி வைக்கணும்," என்றாள் அந்தப் பெண்.

"பிள்ளை இன்னும் எழுந்தே நிக்கலையே!" என்று உமையாள் பதறினாள்.

பிந்தி நடக்கும் பிள்ளையுள்ள வீடு என்று பெயர் வரக் கூடாதென, அந்தத் தண்டையைத் தன் காலில் கட்டிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றியவர் சோலையப்பர்தான்.

அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் குழந்தையைத் தூக்கினாள்.

"இறக்கி விடும்மா. நடந்தது நான்," என்றவர், வேட்டியை உயர்த்தி, இடது காலை இழுத்தபடி கூடத்தைக் கடந்து காட்டினார்.

"இந்த வயசுல உங்களுக்குத் தண்டை கேக்குதா மாமா?" என்றாள் உமையாள், அழுகையும் ஆத்திரமுமாக.

வயிரவனுக்குக் கால் ஊனம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். இழுக்கும் கால் தாத்தாவுடையது. பேரன் இன்னும் நடக்கவே தொடங்கவில்லை.