ஏழு கண்ணாடித் தட்டுகள்

1979, மார்கழியில் ஒரு காலை. பாலாற்றை ஒட்டிய அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் இருந்தவர்கள்: டாக்டர் நயீம் அகமது, தலைமை நர்ஸ் ஜெயபுஷ்பம், நர்சுகள் இருவர், நகராட்சி சுகாதார ஆய்வாளர் கோவிந்தசாமி, வேலூர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த ஆக்னஸ். ஆக ஆறு பேர். கட்டில்களில் தாய்மார் ஒன்பது பேர். ஜன்னலுக்கு வெளியே, பனியில், கன்னியப்பன்.

ஒன்பது பேரில் நாலு பேருக்கு ஆபரேஷன் தையல் சீழ் பிடித்திருந்தது. காரணம் கண்டுபிடிக்கத்தான் ஆஸ்பத்திரி, நகராட்சி, ஆய்வுக்கூடம் மூன்றும் சேர்ந்திருந்தன.

“காரணம் இதோ நிக்குது,” என்றாள் ஜெயபுஷ்பம். “டேனரியில பச்சைத் தோல் அலசுற கை. உள்ள விடமாட்டேன்.”

“பொறந்து நாலு நாள் ஆச்சு சிஸ்டர்ம்மா. ஒரே ஒரு வாட்டி புள்ளையைத் தூக்கிப் பாத்துட்டுப் போய்டறேன்.”

உள்ளே செண்பகம் குழந்தையை ஜன்னல் பக்கம் திருப்பினாள். “இன்னாங்க, தெரியுதா? மூக்கு உங்க மூக்குதான். பேஜாரு.”

“பனியில ஒண்ணும் தெரியல செண்பகம்.”

ஆக்னஸ் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஜெல்லி உறைந்த கண்ணாடித் தட்டுகள், சின்னச் சின்ன நிலாக்கள் போல.

“எப்பவும் போல கை கழுவிட்டு வந்து விரலை ஒத்துங்க. கிருமி இருந்தா ரெண்டு நாள்ல புள்ளி முளைக்கும்.”

ஆக்னஸையும் சேர்த்து ஆறு பேரும் ஒத்தினார்கள்.

“அந்தாளு கையையும் எடும்மா. பூந்தோட்டமே முளைக்கும்,” என்று கோவிந்தசாமி சிரித்தார்.

ஜன்னல் கம்பி வழியே கன்னியப்பனின் விரல்கள் உள்ளே வந்தன.

மூன்றாம் நாள் எல்லாரும் மறுபடி கூடினார்கள். ஆறு தட்டுகளில் வெள்ளையும் மஞ்சளுமாய்ப் புள்ளிகள் பூத்திருந்தன. ஜெயபுஷ்பத்தின் தட்டில் மட்டும் முப்பத்தொன்று. கன்னியப்பனின் தட்டு விடியற்கால வானம் மாதிரி வெறுமையாக இருந்தது.

“கையில என்ன தடவுனீங்க?” டாக்டர் கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்க. தோல் நாத்தம் புள்ளைக்கு ஆகாதேன்னு, வந்ததும் குழாயடியில மூணு வாட்டி சோப்பு போடுவேன்.”

“நாங்களுந்தான் சோப்பு போடறோம்,” என்றாள் ஜெயபுஷ்பம். “எதுல துடைச்சீங்க?”

“உங்க துண்டைத் தொடக் கூடாதுன்னுட்டீங்களே சிஸ்டர்ம்மா. காத்துலதான் காயவெப்பேன்.”

எல்லாரும் திரும்பி, கை கழுவும் இடத்தில் தொங்கிய துண்டைப் பார்த்தார்கள். வார்டுக்கே அது ஒன்றுதான். ஆக்னஸ் அதை இடுக்கியால் எடுத்து வாளியில் போட்டாள்.

சற்று நேரத்தில் ஆறு பேர், கழுவிய கைகளை ஜன்னலோரக் காற்றில் நீட்டியபடி நின்றார்கள்.

மிச்சம் ஒருவர். அவர் கையில் குழந்தை.